விரல்நுனி உரைக்கும் உண்மை

கைரேகை காட்டக் கை நீட்டுகிறோமே, விரல்நுனியை நோக்கினோமா? நகத்தடியின் பள்ளம் மறைந்து, நகம் வளைந்து, நுனி முரசுக்கோல்போல் பருத்தால், அது விதியின் எழுத்தன்று, உள்நோயின் அறிவிப்பு!

ஏறத்தாழ 2400 ஆண்டுகட்கு முன்பே, நெஞ்சில் சீழ்கட்டியோரின் நகம் வளைவதைக் கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசு கண்டார். 1889-இல் ஆசுதிரியாவின் பாம்பர்கரும், 1890-இல் பிரெஞ்சு நாட்டுப் பியேர் மரியும், விரலோடு எலும்பும் மூட்டும் வீங்குவதை நுரையீரல் நோயோடு பொருத்திக் காட்டினர். தென்னாப்பிரிக்க மருத்துவர் சாம்ரோத், தம் இதயநோயின்போது தம் விரலையே ஆராய்ந்து, 1976-இல் எளிய சோதனை தந்தார்: இரு கைகளின் ஒத்த விரல்களை நகத்தோடு நகம் பொருத்துக, இடையே சாளரம்போல் சிறு இடைவெளி தெரியவேண்டும். மறைந்ததா? மருத்துவரை நாடுக.

தஞ்சைக்கு இது புதுநெறியா? 1832-இல் மறைந்த மன்னர் இரண்டாம் சரபோசி, கண்ணோயாளரின் குறிப்புகளை ஓவியத்தோடு எழுதிவைக்கச் செய்தார். சரசுவதி மகால் அவற்றைக் காக்கிறது. 1959-இல் மருத்துவக் கல்லூரியும் தஞ்சையில் எழுந்தது.

பிறவியிலேயே, குடும்பவழியாக, தீங்கின்றிப் பருத்த விரலும் உண்டு. ஆனால் இடைவயதில் புதிதாகப் பருத்தால், நுரையீரற் புற்றுநோயும் காரணமாகலாம். நாற்று நட்டு நமக்குச் சோறிட்ட விரலை, ‘உழைத்த கை, பருக்கத்தான் செய்யும்’ என்று ஒதுக்குவது நன்றியா? ரேகையை விடுவோம், விரலைப் படிப்போம்!