முதுமையா, நோயா? கிழக் குதிரையின் வளர்சிதை மாற்றம்

இருபது வயதைத் தாண்டிய குதிரை இளைத்துப்போனால், வயதாகிவிட்டது என்று சொல்லிப் பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். முதுமையில் வளர்சிதை மாற்றம் மாறுவது உண்மை. ஆனால் முதுமையின் கணக்கில் நாம் எழுதிவிடும் மெலிவில் கணிசமான பகுதி, கண்டறியக்கூடிய, கவனித்தால் குறைக்கக்கூடிய கோளாறுகளால் வருகிறது என்பதே என் வாதம்.

செரிமானத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கிழக் குதிரைகள் புரதம், நார்ச்சத்து, பாஸ்பரஸ் ஆகியவற்றை இளங்குதிரைகளைவிடக் குறைவாகவே செரிக்கின்றன என்று 1989இல் சாரா ரால்ஸ்டன் குழுவினர் காட்டினர். வயதானால் குடல் தளரும் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. 2014இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில் அந்த வேறுபாடு தென்படவில்லை. முந்தைய ஆய்வின் குதிரைகள், புழுநீக்க மருந்தான ஐவர்மெக்டின் 1980களில் புழக்கத்துக்கு வருமுன் வளர்ந்தவை. பெரிய ஸ்ட்ராங்கைல் புழுவின் இளம்புழுக்கள் குடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் சுவரில் தங்கி அதைச் சிதைப்பவை. அன்று அளக்கப்பட்டது பழைய புழுக்காயமே தவிர வயது அல்ல என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

பற்களின் பங்கும் உண்டு. குதிரையின் கடைவாய்ப் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மி.மீ. தேயும், அதே அளவுக்கு ஈறிலிருந்து மேலெழும். ஈறுக்குள் இருக்கும் பல்லின் இருப்பு தீர்ந்ததும் பல்லின் பரப்பு வழவழத்துவிடும். தீவனத் தொட்டியடியில் பாதி மென்ற புல், எச்சிலோடு உருண்டை உருண்டையாகக் கிடந்தால், குடலைச் சந்தேகிக்குமுன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

இவற்றைவிட ஆழமானது பிட்யூட்டரிக் கோளாறு. பிட்யூட்டரியின் இடைப்பகுதியை அடக்கி வைப்பது ஹைபோதலாமஸிலிருந்து வரும் டோபமின் நரம்புகள். வயதோடு அவை சிதையும்போது கட்டுப்பாடு தளர்ந்து, ஏ.சி.டி.எச். உள்ளிட்ட ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. முதுகுத் தசை கரைகிறது, வயிறு தொங்குகிறது, கோடை வந்தும் நீண்ட மயிர் உதிர்வதில்லை. 15 வயதுக்கு மேற்பட்ட குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு இந்நோய் இருப்பதாக ஆஸ்திரேலிய ஆய்வு கண்டது. டோபமினைப் போலச் செயல்படும் பெர்கோலைடு இதைக் கட்டுப்படுத்தும்.

முதுமைக்கே உரிய மாற்றங்களும் இருக்கின்றன. ரட்கர்ஸ் பல்கலைக்கழகச் சோதனையில், உழைக்கும் கிழக் குதிரைகளின் உடல்வெப்பம் இளையவற்றுக்கு ஆன நேரத்தில் பாதியிலேயே 40 பாகை செல்சியஸை எட்டியது. மாச்சத்து உண்டபின் இன்சுலின் கூடுதலாக எழுவதும் ஆரோக்கியமான கிழக் குதிரைகளில் பதிவாகியுள்ளது.

இந்தக் கடைசி மாற்றம் ஆபத்தானது. 2007இல் குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்கள் ஆரோக்கியமான மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தி, ரத்தச் சர்க்கரையை இயல்பு அளவில் வைத்திருந்தும், 72 மணி நேரத்துக்குள் அவை அனைத்துக்கும் குளம்பழற்சி கண்டது. குளம்பைச் சிதைக்க இன்சுலின் மிகுதி ஒன்றே போதும் என்று இதிலிருந்து தெரிகிறது. அப்படியானால், இளைத்த கிழவனுக்குத் தானியத்தைக் கூட்டி வைப்பது, பிட்யூட்டரிக் கோளாறோடு இன்சுலின் மிகுதியும் உள்ள குதிரையைக் குளம்பழற்சிக்குள் தள்ளிவிடக்கூடும். முதலில் இன்சுலினையும் ஏ.சி.டி.எச்.சையும் அளக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் நலமான குதிரைக்கும் ஏ.சி.டி.எச். உயரும் என்பதால் அப்பருவத்துக்குரிய வரம்போடுதான் அதை ஒப்பிட வேண்டும். இன்சுலின் மிகுந்திருந்தால், வேண்டிய ஆற்றலைத் தானியத்துக்குப் பதில் ஊறவைத்த நார்த்தீவனத்தாலும் தாவர எண்ணெயாலும் கொடுக்கலாம்.