வாலாஜாபாத் சாலையும் பழைய புல்லட்டும்
வண்டலூர்–வாலாஜாபாத் சாலை செல்லும் ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-இல் தொடங்கியது. ஆனால், வாலாஜாபாத்தில் பழைய புல்லட் வாங்க விழையும் நாம் திருவொற்றியூரையே நினைக்க வேண்டும். எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் புல்லட்டை விரும்ப, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ஆங்கில நிறுவனத்துடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. 1970-ஐ ஒட்டி தாய் நிறுவனம் மறைந்தது, சேய் பிழைத்தது.

வலக்கால் கியர், இடக்கால் பிரேக், வார்ப்பிரும்பு என்ஜின்: பல பத்தாண்டுகள் எதுவும் பெரிதாக மாறவில்லை. தேக்கம்தான், பழைய வண்டி வாங்குவோருக்கோ அதுவே வரம். பின்னாளில் வார்த்த உதிரிபாகமும் பெரும்பாலும் பொருந்தும். பிளாட்டினம் பாயின்ட் இடைவெளியைத் திருப்புளியாலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் ஓசையில் மயங்குமுன், ஆர்.சி. புத்தகத்து எண்களை என்ஜினிலும் சேசிஸிலும் ஒப்பிட்டுவிடுவோம். பாகங்கள் பொருந்துவதுபோலவே வேறொரு வண்டியின் என்ஜினும் பொருந்திவிடும்.