காலி வீதியின் முரற்சி

வெள்ளவத்தையைக் கடந்து, கால்வாய்ப் பாலத்தையும் தாண்டித் தெஹிவளைச் சந்தியை நோக்கிச் செல்லும் காலி வீதியிலே, வானொலிப் பெட்டி ஒரு வீட்டின் ஐசுவரியமாக மதிக்கப்பட்ட காலத்தில், அதைத் திருத்துவோன் தன் மேசைமீது கேட்டுத் தேர்ந்த ஒலிகளுள் முதன்மையானது, பாட்டுக்கு அடியில் ஓயாது நின்ற ஒரு தாழ்ந்த முரற்சியாகும். தொழிலாளர் அதை ஹம் என்பர். இன்று அதே வீதியின் மாடியறை ஒன்றில், கிற்றாரின் நாதத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெட்டியைத் தன் கையாலே செய்து முடித்து, முதன்முறை காலால் மிதித்தவுடன் அம்முரற்சியைக் கேட்டு மனம் தளரும் இளைஞன், அது தனக்கு மட்டும் நேர்ந்த பிழை என்று எண்ணலாகாது. அவன் காதில் விழுவது இந்நகரத்தின் மின்சாரம். அதற்கு நீண்ட சரித்திரம் உண்டு.

1923-இல், தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராயிருந்த எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியை அமைப்பித்து, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து கிராமபோன் சங்கீதத்தை ஆகாயத்தில் விடுத்தார். 1925 டிசெம்பர் 16-ஆம் திகதி கொழும்பு வானொலி கிரமமாக ஆரம்பமாயிற்று. யுத்தத்தின் சிதைவிலிருந்து சங்கீதம் பிறந்த இச்சம்பவம் எனக்கு மிக உகந்தது. பிறர் கைவிட்டதைப் பிரித்தெடுத்து வேறொன்றாக்கும் வித்தை இத்தீவின் வானொலிக்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் ஆடலோட்டம். விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுவது. வால்வு வானொலியில் அதை நேரோட்டமாக்கும் பகுதி இரண்டு பக்கத்து அலைகளையும் ஒரே பக்கமாக மடித்துவிடுவதால், எஞ்சும் அதிர்வு விநாடிக்கு 100 ஆகிறது. அந்த அதிர்வை விழுங்கிச் சமப்படுத்துவது கண்டென்சரின் கடமை. எந்நேரமும் சூடேறிய பெட்டிக்குள் பல்லாண்டு கிடந்து அதன் உள்ளீரம் வற்றியதும், விழுங்கப்படாத அதிர்வு ஒலிபெருக்கியின் வழியே முரலத் தொடங்கும். அனுபவசாலியான திருத்துநன் நல்ல கண்டென்சர் ஒன்றைப் பழையதற்கு இணையாக ஒரு கணம் வைத்துப் பார்ப்பான். முரற்சி அடங்கினால் வியாதி தெளிவாயிற்று. நாடி பிடிக்கும் வைத்தியத்துக்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று என்பது என் அபிப்பிராயம்.

ஃபஸ் என்னும் ஒலியோ பழுதையே தாயாகக் கொண்டது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடி, 1961-இல் வெளிவந்த ஒரு பாடலில், கிறேடி மார்ட்டின் வாசித்த பகுதி, ஒலிப்பதிவு மேசையின் ஒரு பாதை கெட்டிருந்தமையால் கிழிந்த துணிபோற் கரகரத்தது. அதை எறிந்துவிடாமல் வைத்துக்கொண்ட ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி, அப்பழுதைத் திரான்சிற்றரால் வேண்டும்போது உண்டாக்கும் வழியையும் ஆராய்ந்தார். 1962-இல் மேஸ்ற்றோ என்ற பெயரில் கிப்சன் நிறுவனம் அதைப் பெட்டியாக விற்றது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் பயன்படுத்திய பின்னரே உலகம் அதை விரும்பிக் கேட்டது.

கொழும்பிலே ஜெட்லைனர்ஸ் போன்ற குழுக்கள் மின்கிற்றாரோடு ஆடரங்குகளை நிறைத்த காலமும், நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரால் தமிழ் பொப் இசை செழித்த காலமும் இதனை ஒட்டியே வந்தன. ஆயினும் 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டு, அந்நியச் செலாவணி அரிய பொருளாயிருந்தமையால், மேல்நாட்டுப் பெட்டியொன்றை வாங்குவது சாமானியனுக்கு எளிதாயிருந்திராது. ஆனால் அப்பெட்டியின் இருதயமான ஜேர்மானியம் திரான்சிற்றர், உதாரணமாக ஏ.சி. 128 என்னும் வகை, அக்காலத்துச் சிறு வானொலிகளின் வயிற்றிலும் இருந்தது! பழைய வானொலியைத் திறக்கத் தெரிந்தவனுக்கு ஃபஸ் அந்நியப் பொருளன்று. 1977-க்குப் பிற்பட்ட தாராள வணிகமும், உதிரிப்பாகங்கள் குவிந்து கிடக்கும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவும் அவ்வேலையை இலகுவாக்கின.

ஃபஸ் பெட்டி ஒலியைப் பன்மடங்கு பெருக்கிப் பின் நசுக்குவதாகையால், கிற்றாரோடு வரும் அற்ப முரற்சியும் அதனுள் அரக்கனாகிவிடும். ஆகவே முதலில் அடப்டரைக் கழற்றி 9 வோல்ற் பற்றரியை இடுக. முரற்சி நின்றால் குற்றம் மின்வழங்கலினுடையது. நில்லாதாயின், பெட்டியின் தகரம் புவித்தொடுப்போடு சேர்ந்திருக்கிறதா, உள்வரும் கம்பிக்குக் கவசம் உண்டா என்று பார்க்க வேண்டும். கிற்றாரைக் கையில் ஏந்தியபடி உடலைத் திருப்பும்போது முரற்சி ஏறி இறங்குமாயின், பக்கத்து நிலைமாற்றியோ, மின்விசிறியின் றெகுலேற்றரோ கிற்றாரில் தந்தியின் அதிர்வை மின்னாக்கும் சுருளைத் தொடுகிறது. 1955-இல் கிப்சனின் சேத் லவர் இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து வகுத்த உபாயம் இதற்கெனவே பிறந்தது.

அதனினும் நுட்பமான பரீட்சை ஒன்றைக் கிற்றாரின் தந்தியே தருகிறது. மிகத் தடித்த தந்தியின் மூன்றாம் கட்டையை அமர்த்தி மீட்டினால் விநாடிக்கு 98 அதிர்வு பிறக்கும். முரற்சி அதற்கு மயிரிழை மேலே நின்றால் அது 100, அதாவது மின்வழங்கலின் வடிகட்டும் பகுதியைச் சந்தேகிக்கலாம். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே நின்றால் 50, வெளியிலிருந்து ஒட்டியது. விநாடிக்கு 60 ஆடும் மின்சாரமுள்ள அமெரிக்கனுக்கு முரற்சி வேறொரு சுருதியில் நிற்கும். ஒரு தேசத்தின் மின்சாரத்துக்கும் சுருதி உண்டு என்பதை நான் அறிந்த நாள் முதல், இரவில் குளிர்சாதனப் பெட்டி முரல்வதைக்கூடச் செவி சாய்த்துக் கேட்கிறேன்.

தெஹிவளைக்கு மட்டும் உரிய காரணமும் ஒன்றுண்டு. புகையிரதப் பாதையை ஒட்டிய வீடுகளின் சன்னல் வழியே இரவும் பகலும் நுழையும் உப்புக்காற்று, கிற்றார்க் கம்பி செருகும் ஜாக்கின் உட்தகட்டில் பச்சைக் களிம்பை ஏற்றிப் புவித்தொடுப்பை அறுத்துவிடுகிறது. புதுக் கண்டென்சர் வாங்க முதலாம் குறுக்குத் தெருவுக்குப் புறப்படுமுன், அத்தகட்டை மெல்லிய உப்புத்தாளால் ஒரு தடவை தேய்த்துவிட்டுக் கேட்பது நல்லது.