மாடி பஸ்ஸும் மாரடைப்பும்

இரண்டாம் உலகப் போர் முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம். லண்டன் டாக்டர்களுக்குப் புதிதாக ஒரு தலைவலி. ஜெர்மன் குண்டுக்குத் தப்பிப் பிழைத்த ஆண்கள், ஐம்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பொசுக்கென்று சாய ஆரம்பித்தார்கள்!

காலராவுக்குத் தண்ணீர், காசநோய்க்குக் கிருமி... மாரடைப்புக்கு எது? கவலை என்றார்கள் சிலர். சாப்பாடு என்றார்கள் வேறு சிலர். உட்கார்ந்தே இருப்பதுகூட ஆளைக் கொல்லும் என்று பெரும்பாலான டாக்டர்களுக்குத் தோன்றவே இல்லை. மாரடைப்பு வந்து பிழைத்தவரை வாரக்கணக்கில் கட்டிலைவிட்டு இறங்கவே விடாத காலம் அது.

அப்போதுதான் ஜெர்ரி மாரிஸ் வருகிறார். போலந்திலிருந்து பிரிட்டனுக்குப் பிழைக்க வந்த யூதக் குடும்பம். 1910-ல் லிவர்பூலில் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்தவர். போர்க்காலத்தில் ராணுவ டாக்டராக இந்தியாவுக்கும் வந்து போனவர். அவர் மைக்ராஸ்கோப்பைத் தேடிப் போகவில்லை; ஆஜர் பட்டியலையும் மெடிக்கல் லீவு கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'எந்த வேலை பார்க்கிறவனுக்கு இந்த வியாதி அதிகம் வருகிறது?' - இவ்வளவுதான் அவர் கேட்ட கேள்வி.

லண்டன் போக்குவரத்துத் துறையில் 35 முதல் 64 வயதுவரை உள்ள சுமார் 31,000 ஆண்களின் கணக்கு அவர் மேஜைக்கு வந்தது. அதில் சிவப்பு மாடி பஸ்காரர்களைப் பார்த்ததும் மாரிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டிரைவர், கண்டக்டர் இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே பஸ். சம்பளத்திலும் குடும்பச் சூழ்நிலையிலும்கூடப் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. ஆனால், மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம்! கண்டக்டர்களுக்குக் குறைவு. வந்தாலும் வயது கொஞ்சம் தள்ளித்தான் வந்தது. வந்த சூட்டோடு உயிர்விட்டவர்கள் எண்ணிக்கையும் டிரைவர்களைவிடப் பாதிக்கும் கீழே.

ஏன் இப்படி? டிரைவர் தன் ஷிஃப்ட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நேரம் சீட்டிலேயே இருந்தார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மேல்மாடிக்கு ஏறணும், இறங்கணும், மறுபடி ஏறணும். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள்! ஆரோக்கியத்துக்காக அவர் ஒரு படிகூட ஏறவில்லை. சம்பளத்துக்காக ஏறினார். இதயம் அந்த வித்தியாசத்தையெல்லாம் பார்க்கவில்லை.

மாரிஸ் அவசரப்பட்டு ஊரைக் கூட்டவில்லை. 'டிராஃபிக் டென்ஷன்தான் டிரைவரைக் கொல்கிறது' என்று யாராவது சொன்னால்? அதனால் தபால் துறைக்குப் போனார். அங்கே டிராஃபிக்கும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. ஆனாலும் அதே கதை! நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுத்தவர்கள் தேவலாம். நாற்காலியில் இருந்த குமாஸ்தாக்களும் டெலிபோன் ஆபரேட்டர்களும் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். 1953-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின.

சந்தேகப் பிராணிகள் விடுவார்களா? 'குண்டாக இருக்கிறவன்தான் டிரைவர் வேலைக்கே போகிறான். குற்றவாளி தொப்பை, சீட் இல்லை!' என்று ஒரு வாதம். இதற்கு மாரிஸ் பிடித்த சாட்சிதான் பிரமாதம் - பேன்ட்! யூனிஃபாரம் தைத்துக் கொடுத்த கம்பெனியிடம் எல்லோருடைய இடுப்பு அளவும் இருந்ததே! டிரைவர்களுக்கு இடுப்பு பெரிசுதான், வாஸ்தவம். ஆனால், பின்னால் இன்னும் நுணுக்கிப் பார்த்தபோது, ஒல்லி டிரைவர்களும் ஒல்லி கண்டக்டர்களைவிட அதிகமாகத் திடீர் மரணத்துக்கு ஆளாகியிருந்தார்கள். தொப்பை இல்லை என்பதற்காக டிரைவர் தப்பிவிடவில்லை.

தன் ஆராய்ச்சியை முதலில் நம்பியவர் மாரிஸ்தான். அவர் வேலையில் மாடிப்படி கிடையாதே! அதனால் அறுபதுகளில் ஹாம்ப்ஸ்டட் ஹீத் புல்வெளியில் ஓடக் கிளம்பினார். பெரிய மனுஷர் ஒருவர் காரணமில்லாமல் ஓடுவதைப் பார்த்து, 'மறை கழன்ற கேஸ்' என்று நினைத்தார்கள் ஜனங்கள். அவர் கவலைப்படவில்லை. தொண்ணூறு தாண்டியும் ஆராய்ச்சி செய்தார். 2009-ல் இறந்தபோது வயது 99.

'தினம் பத்தாயிரம் அடி நடந்தால்தான் பலன்' என்று பயமுறுத்துகிறார்களே... அந்த எண், 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து 2019-ல் வெளியான முடிவு வேறு மாதிரி. தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடமே மரண விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசமில்லை.

லண்டனில் என்ன ஆச்சு? செலவைக் குறைக்கிறோம் என்று ஒவ்வொரு தடமாகக் கண்டக்டர்களை எடுத்துவிட்டார்கள். கண்டக்டரோடு ஓடிய பழைய மாடி பஸ்கள் 2005 டிசம்பரில் வழக்கமான தடங்களிலிருந்து விடைபெற்றன. படி ஏறிய மனிதர் போய்விட்டார். உட்கார்ந்தே இருந்தவர் டிக்கெட் வேலையையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தார்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் இன்றைக்கு அந்த டிரைவர்கள்தான். பைக், லிஃப்ட், சுழல் நாற்காலி, மறுபடி பைக், டி.வி. சீரியல். ஆனால், கண்டக்டரின் படிகள் காணாமல் போய்விடவில்லை. நாளைக்கு ஆபீஸில் லிஃப்ட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கதவைத் தள்ளிப் பாருங்கள்... அங்கேதான் இருக்கும்!