கோட்டம் மாறியது, சேரி எல்லை மாறியதா?



புழல் என்றதும் இன்று பலருக்கும் ஏரியும் சிறையும்தான் நினைவுக்கு வரும். ஒருகாலத்தில் அது ஒரு பெரிய நாட்டுப்புறப் பிரிவின் பெயர். தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களுள் ஒன்று புழற்கோட்டம். திருவொற்றியூர்க் கோயில் கல்வெட்டுகள் அவ்வூரைப் புழற்கோட்டத்தில் வைத்தே சொல்கின்றன.

கோட்டம் போய்ச் செங்கல்பட்டு மாவட்டம் வந்தது. 1997இல் அதிலிருந்து திருவள்ளூர் பிரிந்தது. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது புழல் பேரூராட்சி அதற்குள் சேர்ந்தது. 2018இல் மாதவரம், திருவொற்றியூர் வட்டங்கள் சென்னை மாவட்டத்துக்குப் போயின.

இத்தனை எல்லைகள் மாறின. ஊருக்கும் சேரிக்கும் நடுவிலுள்ள எல்லை மட்டும் மாறவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் ராசராசன் காலக் கல்வெட்டுகளிலேயே ஊர்நத்தம் வேறு, பறைச்சேரி வேறு, தீண்டாச்சேரி வேறு. எல்லைத் தகராறு வந்தால் மூத்த பறையர் ஒருவரைத் தலையில் நீர்க்குடத்தோடு நடக்கச் சொல்லி, அவர் நடந்த தடத்தை எல்லையாக ஏற்ற வழக்கத்தை வெள்ளையர் காலப் பதிவுகள் குறிக்கின்றன. ஊரின் எல்லையைச் சொல்ல அவர் வேண்டும். அந்த எல்லைக்குள் நிலம் மட்டும் அவருக்குக் கூடாது.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமென்கீர் இதை அறிக்கையாக எழுதினார். தரிசு நிலத்தையும் மிராசுதாரர்கள் விடவில்லை. குடிசை நின்ற சேரி மனையும் தங்களுடையதே என்றார்கள். அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30இல் 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் அப்படி வந்ததுதான். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை.

அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்கு என்ன விலை? காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்கள்.

இப்போது நகரம் நம் ஊர்களை விழுங்குகிறது. கிராமத்துச் சர்வே எண் நகர அளவை எண்ணாக மாறுகிறது, ஏக்கர் கிரவுண்டாகிறது. பழைய 'அ' பதிவேட்டிலிருந்த நிபந்தனைக் குறிப்பு புதுப் பதிவேட்டில் ஏறாமல் போனால், வாங்குகிறவர் கண்ணுக்கு அது சாதாரண மனை. ஆனால் மாவட்ட எல்லை மாறுவதால் நிபந்தனை ரத்தாகாது.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். உங்கள் ஊரின் பழைய 'அ' பதிவேடு, நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டப் பதிவேடு, நகர அளவைப் பதிவேடு மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் பக்கமாக வைத்து, எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள். எந்த ஏட்டில் அந்தக் குறிப்பு காணாமல் போகிறதோ, அங்கிருந்து நம் வழக்கு தொடங்கட்டும். சேரியின் மூத்தவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அன்று ஊருக்காக எல்லையை நடந்து காட்டியவர்களின் பிள்ளைகள் அவர்கள். இம்முறை நமக்காக நடக்கட்டும்.