கல்வெட்டில் எனக்கு இடமில்லை, ஏரியில் உண்டு

போன வாரம் உரம் வாங்க உத்திரமேரூர் போயிருந்தேன். கூடவே சென்னையில் இருந்து வந்திருந்த என் தங்கச்சி மகன். "மாமா, இந்த ஊர்ல பாக்க என்ன இருக்கு?"ன்னு கேட்டான். மூட்டையைக் கடையிலேயே வச்சிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

காஞ்சிபுரத்தில் இருந்து முப்பது கிலோமீட்டர் இருக்கும், சின்ன ஊர். சுந்தர வரதர் கோயிலில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று அடுக்குக் கருவறை. பார்க்க அழகு. ஆனா என்னை ஒவ்வொரு தடவையும் நிறுத்துறது வைகுண்டப் பெருமாள் கோயில் கல்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 வருஷங்களில் வெட்டியது. ஊர் சபைக்கு ஆளை எப்படி எடுக்கணும்னு அதில் இருக்கு.

ஊரை 30 குடும்பாகப் பிரிச்சாங்க. குடும்புன்னா நம்ம வார்டு மாதிரி. தகுதி உள்ளவங்க பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. அதுதான் குடவோலை. பதவி 360 நாள். அந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

தகுதியைச் சொன்னதும் பையன் சிரிச்சான். "நீங்க பாஸா மாமா?"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். வயசு 35-க்கு மேல், 70-க்குள். எனக்கு 54, சரி. சொந்த மனையில் வீடு, சரி. வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர். எனக்கு ஒரு ஏக்கர் இருபது சென்ட்தான். அரைக்கால் வேலி இருந்தாலும் விடுவாங்க, ஆனா ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் படிச்சுச் சொல்லத் தெரியணும். நான் படிச்சது பத்தாவது. அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர், சபையும் அவங்க சபை. கழனியில் சேறு மிதிச்சவன் பேர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. இதைச் சொல்லாமல் "ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே ஜனநாயகம்"னு மட்டும் சொன்னா பாதிக் கதைதான்.

அப்புறம் ஏன் அங்கே போய் நிக்கிறேன்? ஒரே ஒரு விதிக்காக. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பேரை மறுபடி குடத்தில் போடக்கூடாது. அவன் அப்பா, மகன், அண்ணன் தம்பி, மாமனார், மச்சான், மருமகன், சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, யார் பேரும் கூடாது. சொந்தக்காரனை நிறுத்திப் பின்னால் இருந்து ஆளுற வழியை அன்னிக்கே அடைச்சிட்டாங்க.

அங்கிருந்து ஏரிக்கரைக்கு வந்தோம். பல்லவர் காலத்து ஏரி. தந்திவர்மனின் பட்டப்பேரால் வைரமேக தடாகம்னு பேர். அதில் தூர் வாருறதுக்கே பொன்னை வச்சு, வர்ற வட்டியில் வேலை நடக்க ஏற்பாடு செய்திருக்காங்க. செய்யாற்றுத் தண்ணி கால்வாய் வழியா வந்து இன்னும் நிரம்புது. என் கழனிக்கும் இந்தத் தண்ணிதான்.

சில வருஷம் முன்னாடி எங்க மதகைச் சரிபண்ணதா சொன்னாங்க. அடுத்த நவரையிலேயே ஒழுக ஆரம்பிச்சது. நீர்க்கட்டி சாக்கில் மண்ணைக் கட்டி அடைச்சுப் பார்த்தார், நிக்கலை. கதிர் வர்ற நேரத்தில் தண்ணி இல்லாமல் எனக்குப் பாதி நெல்லு பதர். எவ்வளவு செலவாச்சுன்னு கேட்டேன். "உனக்கெதுக்குய்யா அது?"ன்னு பதில் வந்தது. அன்னிக்கு எனக்கு இந்தக் கல்லுதான் ஞாபகம் வந்தது.

அந்தக் காலத்தில் எனக்குக் கேட்க உரிமை இல்லை, ஆனா கணக்குக் கேட்கிற விதி இருந்தது. இன்னிக்கு எனக்கு ஓட்டு இருக்கு, கிராம சபையில் எழுந்து நிக்க உரிமையும் இருக்கு. கேட்கத்தான் பழகணும். அடுத்த கிராம சபையில் அந்த மதகுக் கணக்கை எழுதியே கேட்கப் போறேன். பையன் மனு எழுதிக் கொடுத்துட்டுத்தான் பஸ் ஏறினான்.

நீங்க உத்திரமேரூர் வந்தா கல்லைப் போட்டோ எடுத்துட்டு அப்படியே திரும்பிடாதீங்க. ஏரிக்கரை வரைக்கும் வாங்க. கல்லில் எழுதி வச்ச வேலை அங்கேதான் இன்னும் பாக்கி இருக்கு.