பஞ்சு, பொழுது, திருப்தி

1

பாலவனத்தம் என்ற பெயர் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு ஜமீனின் பெயராகத்தான் அறிமுகம். 1901ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் ஜமீன்தார். அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகிற சாலையில் பஸ் நிற்கிற ஊர் என்பது இரண்டாம்பட்சம். சுற்றிலும் மானாவாரி நிலம். மழை பெய்தால் பருத்தியும் கம்பும், பெய்யாவிட்டால் கருவேல். கூப்பிடு தூரத்தில் அருப்புக்கோட்டையின் தறிகள். பருத்திக்கும் தறிக்கும் இடையில், போன நூற்றாண்டுக்கு முந்தியதின் கடைசி இருபது வருஷங்களில், ஆலை வந்து உட்கார்ந்தது. பாபநாசம், தூத்துக்குடி, மதுரை என்று ஹார்வி கம்பெனி மூன்று இடங்களில் நூற்பாலை வைத்தது. காட்டில் வெடித்த பஞ்சு விருதுநகர்ச் சந்தை வழியாக வெளியேறியது. நூலாகத் திரும்பி வந்தபோது அதில் வேறு மனிதர்களின் பகலும் இரவும் முறுக்கேறியிருந்தன.

தொழிலாளியின் திறன் எதனால் கூடுகிறது, அவனுக்கு வேலையில் திருப்தி எதனால் உண்டாகிறது என்பவை இன்று நிர்வாகவியல் வகுப்புகளின் பாடங்கள். அமெரிக்காவில் பிறந்து கப்பலேறி வந்த விஷயங்களாகவே அவை இங்கே கற்பிக்கப்படுகின்றன. இது சரித்திர மறதி. அந்தக் கேள்வி இந்தக் கரிசலின் துறைமுகத்தில், தொழிலாளிகளின் வாயிலிருந்தே ஒருமுறை எழுந்தது. பிறகு அது அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டு, அவர்களைப் பற்றிய கேள்வியாக மாற்றப்பட்டது. இந்த இடமாற்றத்தைப் பற்றியே நான் இங்கு யோசிக்க விரும்புகிறேன்.

2

1906 அக்டோபரில் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர் பாண்டித்துரைத் தேவர், உதவிச் செயலாளர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு ரூபாய் 25. வறண்ட காட்டு ஜமீனின் மதிப்பும் பணமும் கடலில் இறங்கிய இந்தச் சம்பவம் நமக்கு மனப்பாடம். ஆனால் பதினாறு மாதம் கழித்து அதே சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளிகளோடு நின்றதை நாம் தேசபக்தியின் கணக்கிலேயே எழுதிவைத்திருக்கிறோம். அதன் உள்ளே இருந்த வேறொரு கணக்கைப் பார்க்கவில்லை.

1908 பிப்ரவரி 27ல் வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. மார்ச் 6 வரை ஒன்பது நாள். கேட்டது கூலி மட்டுமல்ல. விடிந்தது முதல் இருட்டும் வரை நீளும் வேலை நேரத்தைக் குறைக்கவும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தரவும் கேட்டார்கள். இதில் ஒரு விசேஷம் உண்டு. வாரம் ஒரு நாள் ஓய்வு என்பதை 1891ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே எழுதிவைத்திருந்தது. பதினேழு வருஷமாகக் காகிதத்தில் இருந்த ஞாயிற்றுக்கிழமையைத் தெருவில் இறங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது. வாங்கினார்கள், கூலியும் உயர்ந்தது. கல்கத்தாவிலிருந்து அரவிந்தரின் ‘வந்தே மாதரம்’ பாராட்டி எழுதியது.

வேலைநிறுத்தம் முடிந்த ஆறாம் நாள், மார்ச் 12ல், சிதம்பரம் பிள்ளை கைதானார். பிறகு கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கு. ஓய்வு நாளைப் பற்றிப் பேசியவருக்கு வேலையையே தண்டனையாகக் கொடுத்ததில் அதிகாரத்துக்கு ஒரு தர்க்கம் இருந்திருக்க வேண்டும்: சுற்றிச் சுற்றி வருகிற, தொடக்கமும் முடிவும் இல்லாத, அளவு மட்டும் உள்ள வேலை. அந்நியன் ஆலையில் ஞாயிறு கேட்டவர், தமது கப்பலில் கரி அள்ளுகிறவன் அதையே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்ற சங்கடமான கேள்விக்கு இடமில்லாமலே போயிற்று. 1911ல் கம்பெனி கலைந்தது. அதே வருஷம் தேவரும் மறைந்தார்.

3

ஆலைக்கு முன்னால் இருந்ததைப் பொற்காலமாக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. கைத்தறி நெசவாளி முன்பணத்தில் கட்டுண்டவன். நூல் கொடுக்கிற முதலாளி வைத்ததே கூலி. வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் சுற்றுகிற தாருக்குத் தனியாகக் காசு கிடையாது. ஆனால் அவன் பொழுதுக்கு ஒரு காரணம் இருந்தது. பாவை விடிகாலையில் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டதற்குக் காரணம் வெயில் ஏறினால் பஞ்சிழை முறுகிப் போகும் என்பது. தறியைக் குழிக்குள் இறக்கி வைத்ததில், தரையின் ஈரம் இழையை அறாமல் காக்கும் என்ற அனுபவமும் உண்டு. மழை பெய்தால் பாவு நிற்கும். வேலையின் நேரத்தை வேலையின் பொருளே, அதாவது நூலே, சொல்லியது.

ஆலை இந்த உறவைத்தான் அறுத்தது. கூடத்துக்குள் ஈரத்தை யந்திரத்தால் ஏற்றிக்கொள்ள முடிந்த பிறகு, நூலுக்கு விடிகாலை என்ற ஒன்று இல்லை. எந்த மணியும் நல்ல மணிதான். எனவே இரவும் வேலைக்குத் தகுந்ததாயிற்று. அந்த ஈரமும் பஞ்சுத் தூசும் நூலுக்கு ஒத்துக்கொண்டன, நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நூல் போய்ச் சங்கு வந்தது. இனி எப்போது எழுவது, எப்போது உண்பது, எப்போது ஒதுங்கப் போவது என்பதெல்லாம் அடுத்தவன் தீர்மானம். 1908ன் ஞாயிற்றுக்கிழமை, இந்தத் தீர்மானத்தில் ஒரு துண்டைத் திருப்பிக் கேட்டது. பத்து வருஷம் கழித்து, 1918ல், சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோதும் பின்னி ஆலைக்காரர்களின் மனக்குறைகளில் ஒன்று பகல் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது. கூலியைப் பற்றிய சண்டை என்று நாம் சுருக்கி எழுதுகிறவற்றின் அடியில், பொழுது யாருடையது என்ற சண்டை ஓடிக்கொண்டேயிருக்கிறது.

இன்னொன்று. நூற்கும் இடத்தில் திறன் என்பது ஆளின் விரலில் மட்டும் இல்லை. மட்டமான பஞ்சு கலந்தால் இழை அடிக்கடி அறும். அறுந்ததை ஒட்ட ஓடுகிறவன் மும்மடங்கு ஓடுவான். உற்பத்தி குறையும். கணக்குப் புத்தகத்தில் அது பஞ்சின் குற்றமாகப் பதிவாகாது. அவனுடைய சுணக்கமாகப் பதிவாகும்.

4

கப்பல் கம்பெனி கலைந்த 1911லேயே அமெரிக்காவில் ஃபிரெடெரிக் டெய்லரின் விஞ்ஞான நிர்வாகம் பற்றிய புத்தகம் வெளிவந்தது. வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிளந்து, கடிகாரம் வைத்து அளந்து, யோசனையை மேஜைக்கும் அசைவை ஆளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தது அவருடைய முறை. அதே வருஷத்து இந்தியச் சட்டம் பஞ்சாலையில் ஆண்களின் வேலையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நிறுத்தியது. இரண்டும் ஒரே வருஷம் என்பது தற்செயல்தான்.

டெய்லரின் ஆள் ஒரு யந்திர உறுப்பு. அவனுக்கு மனம் உண்டு என்று கண்டுபிடித்த பெருமை ஹாதார்ன் ஆலைக்குத் தரப்படுகிறது. சிகாகோவை ஒட்டிய அந்த டெலிபோன் கருவித் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை பரிசோதனைகள் நடந்தன. 1927ல் சில பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து, ஐந்து நிமிஷ, பத்து நிமிஷ இடைவேளைகள் கொடுத்துப் பார்த்தார்கள். உற்பத்தி ஏறியது. சலுகைகளை எடுத்தபோதும் பெரிதாக இறங்கவில்லை. கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே உற்சாகம் தந்தது என்று விளக்கம் எழுந்தது. எல்டன் மேயோவின் பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது. பாடப்புத்தகங்கள் விட்டுவிடுகிற விவரம் ஒன்று உண்டு. 1928 ஜனவரியில் அந்த அறையிலிருந்து இரண்டு பெண்கள் மாற்றப்பட்டார்கள். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்பது காரணம். மனித உறவுகளைக் கண்டுபிடித்த அறை, பேசியவர்களை வெளியேற்றிவிட்டுக் கண்டுபிடித்தது.

அங்கேயே 1931ல் பதினான்கு ஆண்களை வைத்து நடந்த கவனிப்பு வேறு மாதிரி முடிந்தது. அவர்கள் தமக்குள் ஒரு நாள் அளவை வைத்துக்கொண்டு அதற்கு மேல் செய்யவில்லை. மிஞ்சிச் செய்தவனைத் தோளில் குத்தினார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு இது புரியாத அடம். வெளியே பெருமந்தம், அதிகம் செய்தால் ஆள் குறைப்பார்கள் என்ற பயத்துக்கு நியாயம் இருந்தது. தூத்துக்குடிக்காரன் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

5

நம் பக்கத்தில் ஒரே ஒரு பரிசோதனை வேறு திசையில் போனது. 1953ல், அகமதாபாத்தின் காலிகோ ஆலைகளைச் சேர்ந்த ஜூபிலி ஆலையில், லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்து ஏ.கே.ரைஸ் அதைத் தொடங்கினார். புதுத் தானியங்கித் தறிகள் 224, ஆட்கள் 29, பிரிக்கப்பட்ட வேலைகள் பன்னிரண்டு. டெய்லரின் இலக்கணப்படி எல்லாம் சரி, ஆனால் துணி சரியில்லை. இழை அறுந்தால் ஒருவன் வர வேண்டும், தார் தீர்ந்தால் இன்னொருவன், தறி பழுதானால் மூன்றாமவன். யாரும் யாருக்கும் சொந்தமில்லை. 64 தறிக்கு ஏழு பேர் கொண்ட குழு என்ற யோசனையை ரைஸ் முன்வைத்ததும், தொழிலாளிகள் அதைத் தாமே கையில் எடுத்துக்கொண்டார்கள். தம் குழுவை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். நெசவு கூடியது, சேதம் குறைந்தது. 1958ல் ரைஸ் புத்தகமாக எழுதினார்.

குழிக்குள் இறங்கியிருந்த நெசவாளி குடும்பத்தின் அமைப்பு, ஆலைக்குள் திரும்பி வந்ததுபோல் இது தெரிகிறது. தார் சுற்றுகிறவள், பாவு பிணைக்கிறவன், நெய்கிறவன் எல்லோரும் ஒரு துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிற அமைப்பு. ஆனால் எந்தத் துணி, எவ்வளவு, யாருக்கு என்பது வெளியேதான் தீர்மானமானது. 1970ல் எரிக் மில்லர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஒரு பிரிவில் குழுமுறை ஏறக்குறைய அப்படியே நின்றிருந்தது, மற்றவற்றில் தேய்ந்திருந்தது. பின்னர் ஆலையே மூடப்பட்டது. கொடுக்கப்பட்ட சுயாதீனம், கொடுத்தவனின் சந்தை நிலவரத்துக்கு உட்பட்டது. தூத்துக்குடி ஞாயிறு கொடுக்கப்பட்டதல்ல, எடுக்கப்பட்டது. வித்தியாசம் அங்கே இருக்கிறது.

6

இந்த நூற்றாண்டின் முதல் பத்து, பதினைந்து வருஷங்களில் இதே வறண்ட மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து இளம் பெண்கள் கோவை, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்குப் போனார்கள். சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர். மூன்று வருஷம் ஆலை விடுதியில் இருந்து வேலை செய்தால், முடிவில் கல்யாணத்துக்காக ஒரு மொத்தத் தொகை. இடையில் விட்டுவந்தவளுக்கு அது கிடைப்பது சந்தேகம். வெளியே போக அனுமதி வேண்டும், வீட்டோடு பேசவும் நேரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமையை மட்டுமல்ல, மூன்று வருஷத்தையே ஆலை மொத்தமாக வாங்கிக்கொண்டது. வெளிநாட்டு வியாபாரிகள் ஆய்வாளர்களை அனுப்பித் திருப்தி கேட்டார்கள். மேற்பார்வையாளன் பக்கத்தில் நிற்க, திருப்திதான் என்று பதில் வந்தது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் உடன்பாடு என்று ஒன்று கையெழுத்தாயிற்று. அதில் ஆலைக்குள் நடப்பதைக் கண்காணிக்கிற வேலையைத் தொழிலாளிப் பெண்களிடமே கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெண் கொல்லப்பட்டு, சங்கம் போராடிய பிறகு வந்தது அது.

நம் எழுத்தையும் இங்கே விசாரிக்க வேண்டும். தொ.மு.சி.ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ வந்தது 1953ல், ரைஸ் அகமதாபாத்தில் இருந்த வருஷம். நெசவாளியின் பசி நம் நாவலில் இடம்பெற்றுவிட்டது. அவன் வேலை இடம்பெற்றதா? பசியை எழுத நமக்குப் பரிவு போதும். வேலையை எழுத, இழை எந்த ஈரத்தில் அறும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்நியமாதல் என்ற சொல்லை எழுபதுகளின் இறுதியிலிருந்து நாம் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். இரவு ஷிப்ட் முடிந்து, காதில் இன்னும் கதிர்கள் சுற்ற, பாலவனத்தம் நிறுத்தத்தில் இறங்குகிறவனை அந்த விவாதத்துக்குள் கூப்பிடவில்லை. நிர்வாகவியல்காரன் அவன் வேலையை அளந்தான், ஆளைக் கேட்கவில்லை. நாம் ஆளுக்காக இரங்கினோம், வேலையைப் பார்க்கவில்லை. இரண்டு பேருடைய குறிப்பேட்டிலும் 1908ல் அவன் கேட்ட கேள்வி மட்டும் இல்லை.